அரிய குறிக்கு அதிக எடை: தகவல் அளவை வைத்து ஃபீனோடைப் ஒப்புமை காண ஒரு முழுமையான வழிகாட்டி

உயரமான உடல்வாகு, நீண்டு மெலிந்த விரல்கள், இடத்தைவிட்டு நகர்ந்த கண்வில்லை. இந்த மூன்றையும் ஒருவரிடம் பார்த்தால் மருத்துவர் முதலில் நினைப்பது மார்ஃபான் நோயை. ஆனால் ஹோமோசிஸ்டினூரியாவிலும் இதே மூன்றும் வரும். மார்ஃபானுக்குக் காரணம் எஃப்பிஎன்1 என்ற மரபணுவில் உள்ள பழுது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி விரிந்து கிழியாமல் காப்பதுதான் அங்கே முதல் கவலை. ஹோமோசிஸ்டினூரியாவின் பரவலான வகைக்குக் காரணம் சிபிஎஸ் மரபணு. அங்கே பயம் ரத்தக்கட்டைப் பற்றியது. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி6 கொடுத்தாலே நல்ல பலன் தெரியும். வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் வைத்தியம் முற்றிலும் வேறு.

அரிய மரபணு நோய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையையும் எந்த மருத்துவராலும் மனதில் வைத்திருக்க முடியாது. அதனால்தான் கணினியிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: இந்த நோயாளியிடம் கண்ட குறிகள் எந்த நோயின் குறிகளோடு அதிகம் ஒத்துப்போகின்றன? அந்த ஒப்புமையை எண்ணாக்கும் வழியை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பிளஸ் டூ அளவுக் கணக்கு தெரிந்தால் போதும்.

## சொல்லுக்குச் சொல் பொருத்தினால் என்ன குறை?

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பொதுவான சொற்களை எண்ணலாமே என்று தோன்றும். மருத்துவர் 'கண்வில்லைக் கோளாறு' என்று எழுதியிருக்க, நோய்ப் பட்டியலில் 'கண்வில்லை இடம்பெயர்வு' என்று இருந்தால் என்ன ஆகும்? கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள், பொருத்தம் பூஜ்யம்.

அதைவிடப் பெரிய குறை, எல்லாப் பொருத்தங்களும் சம மதிப்பு பெறுவது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்ற இடத்தில் 'வலது முழங்கையில் மச்சம்' என்று எழுதுவார்களே தவிர, 'கறுப்புத் தலைமுடி' என்று யாரும் எழுதுவதில்லை. பலரிடம் இருப்பதைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. குறிகளும் அப்படித்தான். அறிவுத்திறன் குறைபாடு ஏராளமான மரபணு நோய்களில் வரும்; கண்வில்லை இடம்பெயர்வு சிலவற்றில்தான் வரும். பின்னது பொருந்தினால் அதற்கு அதிக எடை கொடுத்தாக வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதற்குத் தகவல் அளவு விடை சொல்கிறது.

## முதல் படி: குறிகளைப் பொதுச் சொற்களுக்கு மாற்றுங்கள்

ஃபீனோடைப் என்பது நோயாளியிடம் கண்ணால் காண்பதும், பரிசோதனையில் தெரிவதுமான பண்பு. அதை ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். இதைச் சீராக்க 2008-இல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பீட்டர் ராபின்சன் குழுவினர் உருவாக்கியதுதான் ஹியூமன் ஃபீனோடைப் ஆன்டாலஜி, சுருக்கமாக எச்பிஓ. இன்று அதில் 18,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் உண்டு. கண்வில்லை இடம்பெயர்வுக்கு எச்பி:0001083, கண்புரைக்கு எச்பி:0000518, சிலந்தி விரலுக்கு எச்பி:0001166.

இவை வெறும் அகராதி வரிசையில் இல்லை; பொதுவானது மேலே, குறிப்பானது கீழே என்று கிளை விரித்திருக்கின்றன. உச்சியில் 'ஃபீனோடைப் கோளாறு'. அதன் கீழே கண் கோளாறு, எலும்பு மண்டலக் கோளாறு, இதய–ரத்தநாளக் கோளாறு என்று பிரிவுகள். கண்ணுக்குக் கீழே சில படிகள் இறங்கினால் கண்வில்லைக் கோளாறு. அதன் கீழே கண்புரையும் கண்வில்லை இடம்பெயர்வும். ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இருக்கலாம்: சிலந்தி விரல், நீண்ட விரலுக்கும் மெல்லிய விரலுக்கும் பொதுவான பிள்ளை. இதை நினைவில் வையுங்கள், எண்ணும்போது வேண்டியிருக்கும்.

நோயாளியின் குறிப்பை மாற்றும்போது உண்மை அனுமதிக்கும் அளவுக்குக் கீழே இறங்குங்கள். தெரியாததை யூகித்து இறங்காதீர்கள். வில்லை நகர்ந்திருப்பதைக் கண் மருத்துவர் பார்த்து உறுதி செய்திருந்தால்தான் எச்பி:0001083. இல்லையென்றால் ஒரு படி மேலே நிற்பதே நேர்மை.

## இரண்டாம் படி: எத்தனை நோய்களில் வருகிறது என்று எண்ணுங்கள்

எச்பிஓ குழு, எந்த நோயில் எந்தக் குறி வரும் என்ற பட்டியலையும் ஃபீனோடைப்.எச்பிஓஏ என்ற கோப்பாக வெளியிடுகிறது. ஓமிம், ஆர்ஃபாநெட் ஆகிய தொகுப்புகளில் உள்ள நோய்கள் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு குறியும் எத்தனை நோய்களில் வருகிறது என்பதை அதிலிருந்து எண்ண வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு நோய்க்குக் கண்வில்லை இடம்பெயர்வு உண்டென்றால் அதற்குக் கண்வில்லைக் கோளாறும் உண்டு, கண் கோளாறும் உண்டு. கோப்பில் மேல்நிலைச் சொற்கள் எழுதப்பட்டிருக்காது. நாம்தான் ஒவ்வொரு குறியிலிருந்தும் உச்சிவரை ஏறி அந்த நோயை எல்லா மூதாதைகளிலும் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரடிப் பதிவுகளை மட்டும் எண்ணினால் 'கண் கோளாறு' அரிதானது என்றும் 'கண்புரை' பரவலானது என்றும் தலைகீழான விடை வரும்.

ஏறும்போது ஒரே நோயை இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது. சிலந்தி விரலிலிருந்து மேலே போக இரண்டு பாதைகள் இருப்பதைப் பார்த்தோம். இரண்டும் மேலே ஓரிடத்தில் சேரும். எண்ணிக்கைக்குப் பதிலாக நோய் எண்களின் கணத்தை ஒவ்வொரு சொல்லிலும் வைத்துக்கொண்டு, கடைசியில் அந்தக் கணத்தின் உறுப்புகளை எண்ணினால் இந்தச் சிக்கல் வராது.

## மூன்றாம் படி: தகவல் அளவைக் கணக்கிடுங்கள்

1948-இல் கிளாட் ஷானன் கொடுத்த சூத்திரம்தான் அடிப்படை. ஒரு நிகழ்வு எவ்வளவு அரிதோ, அது நடந்தது என்ற செய்தியில் அவ்வளவு தகவல்.

தகவல் அளவு = −மடக்கை (ப)

இதில் ப என்பது அந்தக் குறி உள்ள நோய்களின் எண்ணிக்கையை மொத்த நோய்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. மடக்கைக்கு அடிமானம் 2 என்று எடுத்தால் விடை பிட் அலகில் வரும்.

கையால் போட்டுப் பார்க்க வசதியாக, மொத்தம் 1,024 நோய்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை கணக்குப் பழகுவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்; உண்மைக் கோப்பில் வேறு எண்கள் வரும்.

- ஃபீனோடைப் கோளாறு (உச்சி): 1,024 நோய்கள், 0 பிட்
- கண் கோளாறு: 512 நோய்கள், 1 பிட்
- அறிவுத்திறன் குறைபாடு: 256 நோய்கள், 2 பிட்
- கண்வில்லைக் கோளாறு: 128 நோய்கள், 3 பிட்
- கண்புரை: 64 நோய்கள், 4 பிட்
- கிட்டப்பார்வை: 64 நோய்கள், 4 பிட்
- நீண்ட விரல்: 32 நோய்கள், 5 பிட்
- சிலந்தி விரல்: 16 நோய்கள், 6 பிட்
- கண்வில்லை இடம்பெயர்வு: 8 நோய்கள், 7 பிட்
- பெருந்தமனி வேர் விரிவு: 8 நோய்கள், 7 பிட்

உச்சிச் சொல்லுக்குப் பூஜ்யம் வருவதைக் கவனியுங்கள். 'இவருக்கு ஏதோ கோளாறு' என்று சொன்னால் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் பொருள். கீழே இறங்க இறங்க மதிப்பு கூடும், ஒருபோதும் குறையாது. உங்கள் நிரலில் ஒரு பிள்ளைச் சொல்லின் மதிப்பு பெற்றோரைவிடக் குறைந்தால் இரண்டாம் படியில் பிழை இருக்கிறது.

## நான்காம் படி: இரண்டு குறிகளுக்கு இடையே ஒப்புமை

1995-இல் ஃபிலிப் ரெஸ்னிக் இந்த முறையை முன்வைத்தபோது அவர் கையில் இருந்தவை ஆங்கிலச் சொற்கள், நோய்கள் அல்ல. வேர்ட்நெட் சொல்லடுக்கையும், பிரவுன் தொகுப்பில் சொற்கள் வரும் எண்ணிக்கையையும் சேர்த்து, இரண்டு சொற்கள் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிட்டார். மனிதர்கள் கொடுத்த மதிப்பெண்ணோடு அவருடைய அளவு 0.79 அளவுக்கு ஒட்டிப்போனது. கிளைகளுக்கு இடையே உள்ள படிகளை வெறுமனே எண்ணும் முறைக்கு 0.66-தான் கிடைத்தது. 2003-இல் இதே முறை மரபணுப் பணிகளின் சொல்லடுக்கான ஜீன் ஆன்டாலஜிக்கு வந்தது; 2009-இல் செபாஸ்டியன் கோலர், ராபின்சன் முதலியோர் உருவாக்கிய ஃபீனோமைசர் கருவி வழியாக மருத்துவ மரபியலுக்குள் நுழைந்தது.

ரெஸ்னிக் சொன்னது இதுதான்: இரண்டு சொற்களுக்கும் பொதுவான மூதாதைகள் எல்லாவற்றையும் எடுங்கள். அவற்றில் தகவல் அளவு மிக அதிகமாக உள்ளது எதுவோ, அதன் மதிப்பே அந்த இரண்டின் ஒப்புமை.

கண்புரைக்கும் கண்வில்லை இடம்பெயர்வுக்கும் பொது மூதாதைகள் கண்வில்லைக் கோளாறு (3), கண் கோளாறு (1), உச்சி (0). பெரியது 3, ஆகவே ஒப்புமை 3 பிட். கிட்டப்பார்வைக்கும் கண்வில்லை இடம்பெயர்வுக்கும் கண் கோளாறு மட்டுமே பொது என்பதால் 1 பிட். சிலந்தி விரலுக்கும் கண்புரைக்கும் உச்சியைத் தவிர எதுவும் பொது இல்லை, 0. ஒரு சொல்லையும் அதன் மூதாதைகளில் ஒன்றாகவே கொள்வதால், அதை அதனோடே ஒப்பிட்டால் அதன் சொந்தத் தகவல் அளவே வரும்.

## ரெஸ்னிக்கா, லின்னா?

1998-இல் டெகாங் லின் இதைச் சற்று மாற்றினார்: பொது மூதாதையின் தகவல் அளவை இரண்டால் பெருக்கி, இரண்டு சொற்களின் தகவல் அளவுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கண்புரை, கண்வில்லை இடம்பெயர்வு இரண்டுக்கும் 6-ஐ 11-ஆல் வகுத்தால் 0.55. விடை எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில் அடங்கும் என்பதால் பலருக்கு இது பிடிக்கும். 1997-இல் ஜியாங்கும் கான்ராத்தும் இதே கூறுகளை வைத்துத் தூரத்தை அளந்தார்கள்: 7 கூட்டல் 4, அதில் 6 போக, 5.

நோயறிதலுக்கு நான் ரெஸ்னிக்கின் பக்கம். காரணம் ஒன்றுதான். லின் முறையில் எந்தச் சொல்லும் தன்னோடு 1 மதிப்பெண் பெறும். அறிவுத்திறன் குறைபாடு பொருந்தினாலும் 1, கண்வில்லை இடம்பெயர்வு பொருந்தினாலும் 1. அரிய குறிக்கு எடை கொடுக்கத்தான் இத்தனை பாடுபட்டோம். கடைசிப் படியில் அதை வகுத்தே அழித்துவிடக் கூடாது. ரெஸ்னிக் முறையில் முன்னதற்கு 2, பின்னதற்கு 7. இரண்டு சொற்கள் பொருளில் எவ்வளவு நெருக்கம் என்பது மட்டுமே கேள்வியென்றால் லின் நல்ல தேர்வு.

## ஐந்தாம் படி: நோயாளியையும் நோயையும் முழுமையாக ஒப்பிடுங்கள்

ஒருவரிடம் பல குறிகள் இருக்கும். நோயின் பட்டியலிலும் பல இருக்கும். நோயாளியின் ஒவ்வொரு குறிக்கும் நோயின் பட்டியலில் மிக நெருங்கிய இணையைத் தேடி, கிடைத்த மதிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். பிறகு நோயின் பக்கமிருந்தும் இதையே செய்து, இரண்டு சராசரிகளுக்கும் சராசரி காண வேண்டும். இதற்கு 'சிறந்த இணைகளின் சராசரி' என்று பெயர்.

நம் பயிற்சிப் பட்டியலில் மார்ஃபானுக்கு நான்கு குறிகள் இருக்கட்டும்: கண்வில்லை இடம்பெயர்வு, சிலந்தி விரல், பெருந்தமனி வேர் விரிவு, கிட்டப்பார்வை. ஹோமோசிஸ்டினூரியாவுக்கு மூன்று: கண்வில்லை இடம்பெயர்வு, சிலந்தி விரல், அறிவுத்திறன் குறைபாடு.

ஒரு நோயாளிக்குக் கண்வில்லை இடம்பெயர்வு, சிலந்தி விரல், பெருந்தமனி வேர் விரிவு மூன்றும் உண்டு என்போம். அவர் பக்கமிருந்து மார்ஃபானை நோக்கினால் 7, 6, 7, சராசரி 6.67. மார்ஃபான் பக்கமிருந்து 7, 6, 7, கிட்டப்பார்வைக்கு 1, சராசரி 5.25. இரண்டின் சராசரி 5.96. ஹோமோசிஸ்டினூரியாவோடு ஒப்பிட்டால் இரு பக்கமிருந்தும் 7, 6, 0, விடை 4.33. மார்ஃபான் தெளிவாக முந்துகிறது.

இப்போது அதே நோயாளிக்கு இதய எக்கோ எடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குறிகள் இரண்டுதான். மார்ஃபானுக்கு: நோயாளி பக்கம் 7, 6, சராசரி 6.5, நோய் பக்கம் 7, 6, 0, 1, சராசரி 3.5, மொத்தத்தில் 5. ஹோமோசிஸ்டினூரியாவுக்கு: நோயாளி பக்கம் 6.5, நோய் பக்கம் 7, 6, 0, சராசரி 4.33, மொத்தத்தில் 5.42. வரிசை புரண்டுவிட்டது!

ஹோமோசிஸ்டினூரியாவுக்கு ஆதரவாகப் புதிதாக ஒரு சான்றும் வரவில்லை. பதிவில் அதற்குக் குறிகள் குறைவு என்பதால் மட்டும் அது முந்தியிருக்கிறது. பரிசோதிக்காததை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டதன் விளைவு இது. நோயாளி பக்கமிருந்து மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் 6.5 என்று சமமாக வரும். இருக்கும் சான்றைக் கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது என்ற உண்மையை அது மறைக்காமல் சொல்கிறது. பரிசோதனை முழுமையாக நடந்திராத நோயாளிகளுக்கு ஒருபக்க மதிப்பெண்ணையே முதலில் பாருங்கள். சமநிலை வந்தால் அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: எக்கோ எடுக்க வேண்டும், ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்க்க வேண்டும், வில்லை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கண் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மார்ஃபானில் பெரும்பாலும் மேல்நோக்கியும், ஹோமோசிஸ்டினூரியாவில் பெரும்பாலும் கீழ்நோக்கியும் நகரும்.

தெளிவில்லாத குறிப்புக்கும் இந்த முறை இடம் கொடுக்கிறது. மருத்துவர் 'கண்வில்லைக் கோளாறு', 'நீண்ட விரல்' என்று மட்டும் எழுதியிருந்தால் சொல்லுக்குச் சொல் பொருத்துவதில் மார்ஃபானுக்குப் பூஜ்யம். நம் முறையில் 3, 5, சராசரி 4. முழு மதிப்பெண் இல்லை, ஆனால் பட்டியலிலிருந்து விழுந்துவிடவும் இல்லை.

## ஆறாம் படி: மதிப்பெண் பெரியதா என்று சரிபாருங்கள்

6.5 என்பது நல்ல மதிப்பெண்ணா? எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நோய்க்கு எண்பது குறிகள் பதிவாகியிருந்தால் யாருடைய குறிக்கும் அங்கே ஏதாவதொரு இணை கிடைத்துவிடும். நான்கே குறிகள் பதிவான நோய்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஃபீனோமைசர் இதற்கு ஒரு வழி கண்டது. நோயாளிக்கு மூன்று குறிகள் என்றால், எச்பிஓவிலிருந்து மூன்று சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அந்த நோயோடு ஒப்பிட வேண்டும். இதைப் பல்லாயிரம் தடவை கணினி செய்யும். உண்மை நோயாளி பெற்ற மதிப்பெண்ணையோ அதற்கு மேலோ தற்செயல் தொகுப்புகளில் எத்தனை பங்கு பெற்றது என்பதுதான் நமக்கு வேண்டிய விகிதம். அது சிறிதாக இருந்தால்தான் பொருத்தம் தற்செயல் அல்ல என்று நம்பலாம். நோய்களை இந்த விகிதத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஆயிரக்கணக்கான நோய்களை ஒரே நேரத்தில் சோதிப்பதால், பலமுறைச் சோதனைக்கான திருத்தத்தையும் சேர்க்க வேண்டும்.

## கணினியில் செய்யும்போது

பைத்தானில் பைஎச்பிஓ, ஆர் மொழியில் ஆன்டாலஜிசிமிலாரிட்டி என்று ஆயத்த நூலகங்கள் உண்டு. ஆனாலும் ஒரு தடவையாவது சொந்தமாக எழுதிப் பாருங்கள்.

குறிப்புக் கோப்பில் தகுதி என்ற நெடுவரிசையில் 'இல்லை' என்று குறிக்கப்பட்ட வரிகள் இருக்கும். அந்த நோயில் அந்தக் குறி வராது என்று அவை சொல்கின்றன. அவற்றை நீக்காவிட்டால் இல்லாததை இருப்பதாக எண்ணிவிடுவீர்கள். வகை என்ற நெடுவரிசையில் 'பி' என்று உள்ள வரிகள் மட்டுமே ஃபீனோடைப். மரபுவழி முறை, நோய் தொடங்கும் வயது போன்றவை வேறு எழுத்துகளோடு அதே கோப்பில் கலந்திருக்கும்.

எந்த நோயிலும் பதிவாகாத சொல்லுக்கு ப பூஜ்யமாகும். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. ஒரே ஒரு நோயில் இருப்பதாகக் கொண்டு மதிப்பிடலாம், அல்லது அதன் மிக நெருங்கிய பதிவுள்ள மூதாதைக்கு ஏறலாம். எதைச் செய்தாலும் எழுதி வையுங்கள். கோப்பின் பதிப்புத் தேதி, மடக்கையின் அடிமானம், ஓமிம் மட்டுமா ஆர்ஃபாநெட்டும் சேர்த்தா என்பவற்றையும் விடைகளோடு சேர்த்துப் பதியுங்கள். பதிப்பு மாறினால் எண்ணிக்கை மாறும், தகவல் அளவும் மாறும்.

## இந்த அளவு பார்க்காதவை

தகவல் அளவு உடலில் உள்ள அரிதை அளக்கவில்லை, பதிவில் உள்ள அரிதை அளக்கிறது. நன்றாக ஆராயப்பட்ட நோய்களுக்கு நீண்ட பட்டியல்; ஓரிரு குடும்பங்களில் மட்டும் கண்டு எழுதப்பட்டவற்றுக்குக் குட்டிப் பட்டியல். ஒரு குறி பதிவில் அரிதாக இருப்பதற்குக் காரணம், யாரும் அதைத் தேடிப் பார்க்காததாகவும் இருக்கலாம்.

அடிப்படை முறை, ஒரு குறி அந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு வரும் என்பதையும் பார்ப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வருவதும் ஐந்து பேருக்கு வருவதும் அதற்கு ஒன்றுதான். சோதித்துப் பார்த்து இல்லை என்று தெரிந்த குறியையும் அது பயன்படுத்துவதில்லை. 2020-இல் வந்த லிரிக்கல் என்ற கருவி இவ்விரண்டையும் நிகழ்தகவு விகிதமாகக் கணக்கில் எடுக்கிறது. எக்ஸோமைசர் என்ற கருவி, நோயாளியின் மரபணு வரிசையில் கண்ட மாற்றங்களோடு ஃபீனோடைப் ஒப்புமையைச் சேர்த்து, எலியிலும் வரிக்குதிரை மீனிலும் அதே மரபணு பழுதானபோது என்ன தெரிந்தது என்பதையும் பார்க்கிறது. தகவல் அளவு புரிந்துவிட்டால் இவற்றுக்குள் நுழைவது கடினமில்லை.

இந்தக் கணக்கைப் போடப்போகும் மாணவர்களுக்கும், குறிப்பு எழுதும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'கண் பிரச்சினை' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். வில்லை நகர்ந்திருந்தால் நகர்ந்தது என்றும் எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். எக்கோ எடுத்துப் பார்த்துப் பெருந்தமனி இயல்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்றே எழுதுங்கள்.